மூன்றாம் ஓலையும் ஹெச் கார்டும்

கார்டு இல்லாதவர் கரண்ட் ஒயரைத் தொடக்கூடாது. கார்டு இருக்கிறவர் கண்ட இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது. முதல் விதி அரசாங்கம் போட்டது. இரண்டாவதை எங்கள் ஊர் என்னைப் பார்த்துப் போட்டுக்கொண்டது.

என் பெயர் செலின். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் எங்கள் ஊர். ஐ.டி.ஐ. படித்து, வேலை பழகி, ஒயர்மேன் கார்டு வாங்கினவள். (ஒயர்மேன் என்றுதான் கார்டில் போட்டிருக்கிறது. நீ பொம்பளையாச்சே என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதிலை இங்கே எழுத முடியாது.)

இந்த வேலையில் மூன்று படி உண்டு. கீழ்ப்படி ஹெல்ப்பர், அவருக்கு ஹெச் கார்டு. நடுப்படி ஒயர்மேன், பி கார்டு. மேல்படி சூப்பர்வைசர், சி கார்டு. ஹெல்ப்பர் தனியாக வேலை செய்யக்கூடாது, கூட ஒயர்மேன் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கும் புரியாது. டெஸ்டர் ஒன்றைச் சட்டைப் பையில் சொருகியவன் எல்லாம் எலக்ட்ரீஷியன்.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் இருக்கிறது. வேலைக்குப் போகிற வீட்டில் எல்லாம் கதவைத் திறந்ததும் என் தலைக்கு மேலே தெருவை எட்டிப் பார்ப்பார்கள். "நீ ஹெல்ப்பராம்மா? மேஸ்திரி பின்னால வர்றாரா?" என்பார்கள். பின்னால் யாரும் வரவில்லை, நான்தான் மேஸ்திரி என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துபோனது. ஒரு நாள் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பச்சை நாடா கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கழற்றவே இல்லை. ரேஷன் கடைக்கும் அதோடுதான் போவேன். கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டினாலும் மேலே கார்டு தொங்கும்.

"ஜெபமாலை போட வேண்டிய கழுத்துல இன்னாடி இது, மாட்டுக்குக் கட்டுன மணி மாதிரி?" என்பாள் அம்மா.

நான் கண்டுகொள்ளவில்லை. யாராவது ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் போதும், "கார்டு இருக்குதா?" என்று போய் நிற்பேன். ஊரில் மைக் செட் போடுகிறவர்கள் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஏணியை விட்டு இறங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் அக்கா அமலிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். பொறுமைசாலி. எங்கள் அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் ஒரே நேரத்தில் சமாளித்தவளுக்குப் பொறுமை இல்லாமல் எப்படி?

முதலில் வந்த மாப்பிள்ளை, தொழில் எலக்ட்ரீஷியன் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, "எர்த் ஒயர் என்ன கலர் போடுவீங்க?" என்று கேட்டேன். "கையில எந்தக் கலர் இருக்குதோ அத" என்றார். (பச்சை என்று சொல்லியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஆள் போய்விடும்.) கேசரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதியில் இருந்தேன்.

அடுத்து வந்தவர்தான் ஸ்டீபன். விழுப்புரம். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று பார்த்து அம்மா எனக்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு வேலை பிடித்துக் கொடுத்திருந்தாள். (என் தொழிலில் அம்மா அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) சாயங்காலம் வந்து விசாரித்தேன்.

"மாப்ள இன்னா வேலை?"

"எலக்ட்ரிகல் சூப்பர்வைசரு."

"சி கார்டா?"

"ஆமாண்டி, சி தான். சாப்புடு."

சி கார்டு! எங்கள் குடும்பத்தில் ஒரு சி கார்டு! அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். நிச்சயத்தன்று ஸ்டீபனிடம், "சைட்ல உங்களுக்குக் கீழ எத்தினி பேரு?" என்று கேட்டேன். அவர் இருமினார். அக்கா ஓடிவந்து ஒரு வடையை என் வாயில் வைத்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஓலை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று மைக்கில் சொல்வார்கள். யாரும் எதுவும் தெரிவித்ததாக எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இல்லை. அந்த நேரத்தில் பெண்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்று யோசிப்பார்கள். ஆண்கள் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்கு வேலை. உப்புக்காற்றில் போர்டு எல்லாம் துருப்பிடித்து, ஏ.சி. போட்டால் பொறி பறக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒருவர் தலையில் துண்டு கட்டி, உளியும் சுத்தியலுமாகச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார். புருவம் வரை சிமெண்ட் தூசி. எங்கேயோ பார்த்த முகம். தூசியைத் தட்டினார், ஸ்டீபன்.

நான் ஒளிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்றேன்.

அந்த சைட் காண்ட்ராக்டர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் போய், "அண்ணே, அங்க செவுத்தக் கொத்தறாரே, அவரு சூப்பர்வைசர்தான?" என்றேன்.

"யாரு, ஸ்டீபனா? ஹெச் கார்டும்மா. ஹெல்ப்பரு. நல்ல பையன், சொன்னா சொன்ன வேலைய முடிப்பான். சூப்பர்வைசரு நான்தான். ஏன், பாத்தா தெரியலியா?"

திண்டிவனம் வரை ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. எதிரே வந்த பஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹெல்ப்பர் என்பதற்காகக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருந்தது.) பொய் சொல்லிப் பெண் கட்டுகிறானே என்றுதான் கோபம். வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, மாப்ளயப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன். அம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "கல்யாணம் முடியட்டும், அப்பறம் ஆற அமர சொல்லு" என்றாள். அக்கா கடையிலிருந்து வந்ததும் அவளிடம் ஆரம்பித்தேன். "தலய வலிக்குதுடி செலினு, காத்தால பேசிக்கலாம்" என்று படுத்துவிட்டாள்.

சரி. வீட்டில் யாரும் கேட்கத் தயாரில்லை. ஆனால் கோயில் கேட்கிறது. வாரா வாரம் மைக் வைத்துக் கேட்கிறது. கேட்கிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். இதில் என்ன தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. விதி என்றால் விதிதானே.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கல்யாணம் பற்றிப் பேசச் சாமியார் வரச்சொல்லியிருந்ததால் ஸ்டீபனும் அவர் அம்மா மதலேனம்மாவும் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில். மதலேனம்மா பெண்கள் பக்கம், எனக்கு இரண்டு வரிசை முன்னால், பட்டுப்புடவையில். நற்கருணை கொடுத்து முடித்து, சாமியார் ஓலையை எடுத்தார். தூக்கம் வருகிற குரலில் பெயர்களை வாசித்தார். "...தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

நான் எழுந்தேன்.

"சாமி, தடை இருக்குது!"

சாமியார் பழக்க தோஷத்தில் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டம் எந்தக் கிழமை என்று பாதி சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா?"

"தடை சாமி. கேட்டீங்க இல்ல? மாப்பிள்ளைக்கு ஹெச் கார்டு!"

பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் அது ஏதோ வியாதி என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சாமியார் நிதானமானவர். படித்த கேள்விகளை வரிசையாகக் கேட்டார்.

"ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா?"

"இல்ல சாமி."

"நெருங்குன சொந்தமா?"

"இல்ல சாமி."

"ஞானஸ்நானம் வாங்கலியா?"

"அதெல்லாம் வாங்கியிருக்காரு சாமி. சூப்பர்வைசர்னு சொன்னாங்க. பாத்தா ஹெல்ப்பர்!"

"அது தடையில்லம்மா. உக்காரு."

"சாமி, ஹெல்ப்பர் தனியா வேலை செய்யக்கூடாதுன்னு விதி இருக்குது!"

"கல்யாணத்துல யாரும் தனியா வேலை செய்யறதில்லம்மா. உக்காரு!"

அதற்குள் மதலேனம்மா எழுந்து திரும்பிவிட்டார். "யாருடி நீ, எம்மவன சபையில நிக்க வெச்சி..." என்று ஆரம்பித்தார். என் அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் பட்டென்று மின்விசிறிகள் நின்றன. மைக் செத்தது. கோயில் முழுக்க என் குரல் மட்டும் கேட்டது: "...பொய் சொல்லி!"

மொத்தக் கோயிலும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. தடை சொன்னவளும் நான்தான், அந்தக் கோயிலுக்கு ஒயரிங் பண்ணினவளும் நான்தான்.

நடந்தது இதுதான். சாமியார் உடை மாற்றுகிற அறையில், வந்த சம்பந்திகளுக்குக் காபி போட, சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஒரு பழைய கெட்டிலைச் சொருகியிருக்கிறார். அதைச் சொருகாதே, கரண்ட் கசிகிறது என்று நான் தலையால் அடித்துக்கொண்ட கெட்டில். கசிந்தால் தானே விழுகிற ஸ்விட்ச் ஒன்றை நான் போட்டு வைத்திருந்தேன். அது விழுந்தது. என் ஒயரிங் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்தச் சூழ்நிலையில் அதை யாருக்கு விளக்குவது?

அந்தப் போர்டு பீடத்துக்குப் பக்கத்தில், அறைக் கதவுக்கு மேலே இருந்தது. பூசைக்கு உதவுகிற பிள்ளைகள் கை வைக்கக்கூடாது என்று நானே உயரத்தில் வைக்கச் சொன்னது. ஏணி போட்டால்தான் எட்டும். கோயில் ஏணிக்கு ஒரு கால் குட்டை. யாராவது பிடிக்க வேண்டும்.

சாமியார் மைக் இல்லாத குரலில், "தம்பி ஸ்டீபன், கொஞ்சம் வந்து புடிங்க" என்றார்.

மனிதர் வந்தார். மொத்த ஊரும் பார்க்க, நான் யாரை இவன் வேண்டாம் என்றேனோ அவர் பிடித்த ஏணியில் நான் ஏறினேன். கெட்டிலைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, போர்டு மூடியைத் திறந்துகொண்டே பல்லைக் கடித்துக் கேட்டேன்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லலீங்க. மொத நாளே சொல்லிட்டேன், ஹெச் கார்டு, பி எழுதலாம்னு படிச்சிக்கினு இருக்கேன்னு. அமலிகிட்டயும் சொன்னேன், உங்க அம்மாகிட்டயும் சொன்னேன்."

"எங்கிட்ட?"

"உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாங்க."

ஏணி ஆடவில்லை. அவர் நன்றாகத்தான் பிடித்திருந்தார். நான்தான் ஆடினேன். ஸ்விட்சைத் தூக்கிவிட்டேன். மின்விசிறிகள் சுற்றின. மைக்கும் உயிர் பெற்றதை நான் கவனிக்கவில்லை. மைக் இருந்த வாசக மேடை கைநீட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா எழுந்து ஏணிக்குக் கீழே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? ஹெல்ப்பர்னு தெரிஞ்சேவா சரின்ன?" என்றேன். கோயில் சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது.

பில் போடுகிற பொறுமைசாலி அமலி, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த மைக்கில் கொட்டினாள்.

"தெரிஞ்சேதான்! ஹெல்ப்பர்தான் வேணும் எனக்கு! வூட்டுக்கு ஒரு ஒயர்மேன் போதும்டீ! உன்ன வெச்சிக்கினு நாங்க படற பாடு போதும்!"

முதலில் ஆண்கள் பக்கம் யாரோ கனைத்தார். பிறகு கோயிலே சிரித்தது. சாமியார் கடைசி ஆசீரை வேகமாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். மதலேனம்மா கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "நாங்க கெளம்பறோம். கூலி வேலைன்னாலும் கௌரவமா வளத்த புள்ள. கோயில்ல நிக்க வெச்சி ஏலம் போட்டுட்டீங்க. இந்தச் சம்பந்தம் வாணாம்" என்றார். ஸ்டீபன், "அம்மா, வுடும்மா" என்றார். "நீ ஏணியப் புடிச்சது போதும், வா" என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். மெயினில் கை வைத்துத் தூக்கி எறியப்பட்டவள் நான். அந்தப் பார்வை அதைவிடப் பெரிய ஷாக். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இருந்தாலும் போனேன்.

"அத்த, ஹெச் கார்டு கேவலம்னு நான் சொல்லல. என்னையே எல்லா வூட்டுலயும் ஹெல்ப்பரான்னுதான் கேக்கறாங்க. எங்கிட்ட பொய் சொல்லி ஏமாத்தறாங்களோன்னு..."

"இன்னாடி பெரிய கார்டு? சும்மா சும்மா கழுத்துல ஆட்டிக்கினு. காட்டு அத."

காட்டினேன். அதைக் காட்டத்தானே பிறந்தேன். மதலேனம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிளாஸ்டிக் உறையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் படித்தார். மறுபடி முன்பக்கம்.

"ஏம்மா, இது போன வருசமே முடிஞ்சி போச்சே? புதுப்பிக்கணும்னு போட்டிருக்குதே?"

வாங்கிப் பார்த்தேன். முடிந்துதான் போயிருந்தது. எத்தனை பேருக்கு அந்தக் கார்டைக் காட்டியிருப்பேன்! ஒரு தடவையாவது திருப்பி என் பக்கம் பார்த்திருக்கிறேனா? இல்லை. ஊரில் இருந்த அத்தனை பேரையும் "கார்டு இருக்குதா?" என்று மிரட்டித் திரிந்த காலம் முழுக்க, என் கழுத்தில் தொங்கியது செத்த கார்டு.

"ஸ்டீபா, உன்னுது எடு" என்றார்.

அவர் தயங்கித் தயங்கிப் பர்ஸிலிருந்து எடுத்தார். சரியாக இருந்தது. நன்றாகச் செல்லுபடியாகிற ஹெச் கார்டு.

"அப்ப இன்னிக்கு இந்தக் கோயில்ல கார்டு இருந்த ஒரே ஆளு எம்மவன்தான்? அவன் கீழ நின்னு ஏணியப் புடிச்சான், கார்டு இல்லாதவ மேல ஏறி வேல செஞ்சா. சரிதானா சாமி?"

பின்னால் வந்து நின்ற சாமியார், "அதுதான் தடைன்னு சொல்லலாம்" என்றார்.

மதலேனம்மாவின் வாய் ஓரம் லேசாகக் கோணியது. பிறகு அவரால் அடக்க முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரித்தாள். என் அம்மா முக்காட்டுக்குள்ளேயே குலுங்கினாள். நான் மட்டும் கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார். "நீ மொதல்ல கார்டப் புதுப்பி. விழுப்புரத்துக்கு வந்து எங்க வூட்டு வாசல்ல நின்னு காட்டு. அப்பறந்தான் பொடவ எடுக்கப் போவோம். ஜல்தியா வா, முகூர்த்தம் நெருங்கிட்டுது."

இப்படியாக என் அக்காவின் கல்யாணம் மாப்பிள்ளை கார்டில் இல்லாமல் என் கார்டில் வந்து நின்றது.

திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்டீபன் எனக்காகக் காத்திருந்தார். ஆன்லைனில் எங்கே, எப்படிப் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தன்னுடையதை ஒழுங்காகப் புதுப்பித்த மனிதர் அல்லவா. கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண் என்னைப் போட்டோ எடுக்கும்போது, "கொஞ்சம் மூஞ்ச சாதாரணமா வெச்சிக்கோங்கக்கா" என்றாள். என் முகமே அதுதான். ஸ்டீபன் ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல, அந்தப் பெண் தட்டினாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஹெல்ப்பரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நான் தேடாமல் இல்லை.

புதிய கார்டு வரச் சில நாள் ஆகும், பதிந்ததற்கான ரசீது மட்டும் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதலேனம்மா என்னை உண்மையாகவே வாசலில் நிறுத்தினார். ரசீதை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க, மேலிருந்து கீழே வரை சத்தமாகப் படித்தார். பிறகு மடித்துக் கையில் கொடுத்தார். உள்ளேயிருந்து வறுத்த வேர்க்கடலை வாசம் வந்தது.

"உள்ள வா. மல்லாட்ட உருண்ட புடிச்சி வெச்சிருக்கேன், சாப்புடு. லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு நாங்க குடுக்கறதில்ல."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் சீரியல் லைட் போட்டவர்கள் என்னைக் கண்டதும், "அக்கா, உன்து புதுசா, பழசா?" என்று கேட்டார்கள். நான் அவர்கள் கார்டைக் கேட்கவில்லை. சாப்பாடு ஆனபிறகுதான் கேட்டேன்.

ஸ்டீபன் மாமா அதற்குப் பிறகு பி எழுதித் தேறிவிட்டார். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வேலை எடுக்கிறோம். வீட்டுக்கு ஒரு ஒயர்மேன் போதும் என்றவளுக்கு இரண்டு பேர் ஆகிவிட்டோம். "இருந்து இன்னா பண்ண, எங்கூட்டு மிக்ஸி பிளக்கு இன்னும் லூசாத்தான் கீது" என்கிறாள் அக்கா. மதலேனம்மா இன்றைக்கும் நான் போனால், உட்காரச் சொல்வதற்கு முன்னால் கையை நீட்டுவார். கார்டை வைத்தால்தான் காபி.

சாமியாரும் மறக்கவில்லை. போன மாதம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஓலை வாசித்தார். "தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்" வரை வந்து நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, பெண்கள் பக்கம் தூணோரத்து பெஞ்சைப் பார்த்தார். ஊரும் திரும்பிப் பார்த்தது.

"கார்டு சம்பந்தப்பட்ட தடைகள் நீங்கலாக," என்றார்.

கோயில் சிரித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அந்த மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறாராம். லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பூசை முடிந்த பிறகு, வேப்பமரத்தடியில் வைத்து, முதலில் என்னுடையதைக் காட்டிவிட்டு.